கர்னல் கேட்டால் எல்லோருக்கும் சுகம்

சென்ற மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டார்கள். முன்னாள் படைவீரர்களுக்காகப் புதிதாக ஒரு தொலைபேசி உதவி எண் தொடங்குகிறார்களாம். மனம் உடைந்து, இனி வாழ வேண்டாம் என்று தோன்றுகிறவர்கள் எந்த நேரமும் கூப்பிடலாமாம். எடுத்துப் பேசப்போகிற பிள்ளைகளுக்கு, இந்த வேலையில் மூத்தவள் என்ற முறையில் நான் கொஞ்சம் அனுபவம் சொல்ல வேண்டும். அழைக்க வந்த பெண், “மேடம், குறச்சு பாசிட்டிவ் ஆயிட்டு பறயணே”, கொஞ்சம் நம்பிக்கையாகப் பேசுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டாள். அப்படியே பேசினேன். கை தட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக் கடையில் கணக்குப்பிள்ளை. வீட்டில் நாஞ்சில் நாட்டுத் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். இரண்டிலும் சண்டை போடுவேன். சமூகப் பணி படித்துவிட்டு மனநலப் பிரிவில் பயிற்சிக்குப் போனபோது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. இந்த ஊரில் ஒருவரைக் கேலி செய்ய ஊளம்பாறை என்று சொன்னால் போதும், அங்கேதான் பெரிய மனநோய் மருத்துவமனை இருக்கிறது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முகம் மாறாமல் கேட்கப் பழகினேன். ‘சாகணும்னு தோணுதா’ என்று ஒருவரிடம் நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் யாருக்கும் புதிதாக வந்துவிடாது, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்று எங்கள் டாக்டர் சொல்லித் தந்தார். கடைசி வரைக்கும் உதவியது அந்த ஒரு பாடம்தான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தம்பானூரில், லாட்ஜுகளுக்கு நடுவே ஒரு மாடியில், ஓர் அறக்கட்டளை முன்னாள் படைவீரர்களுக்கான மையம் ஒன்றை நடத்தியது. அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ரயிலும் பஸ்ஸும் பக்கத்தில் இருந்ததால் பாறசாலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். என்னை எடுத்ததே அதற்காகத்தான். ‘தமிழ்க்காரன் வந்தால் பகவதியிடம் அனுப்பு’ என்பது மையத்தின் விதிகளில் ஒன்று. பகவதி நான்தான்.

விதிகளை எழுதியவர் எங்கள் மேலதிகாரி, ஓய்வுபெற்ற கர்னல். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். மீசை நரைத்திருந்தாலும் முதுகு வளையாத மனிதர். பெண்கள் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார். தேநீர் வந்தால் முதல் கிளாஸ் பியூனுக்குத்தான், கடைசி கிளாஸ் தனக்கு. மையத்தின் பலகையில் மனநலம் என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்று, ‘நலம் விசாரிப்பு மையம்’ என்று எழுத வைத்தார். அது நல்ல யோசனை, மறுக்க மாட்டேன். பலகையில் மனநோய் என்று இருந்திருந்தால் ஒருத்தர்கூட மாடிப்படி ஏறியிருக்க மாட்டார். அவரை நான் கெட்டவராகக் காட்டப் போவதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கசப்பு இருந்திருக்காது, திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

பட்டாளத்துக்காரர்களை எனக்கு அதற்கு முன் பழக்கமில்லை. அங்கே உட்கார்ந்துதான் அவர்களைப் படித்தேன். யாரும் சொல்லாமலேயே காத்திருக்கும் கூடத்தில் பதவி வரிசைப்படி உட்காருவார்கள். சுபேதாராக இருந்தவருக்கு மின்விசிறிக்குக் கீழே இடம், ஹவில்தாருக்கு அடுத்தது, சாதாரண சிப்பாய்க்கு வாசல் பக்கம். ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகி, ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருந்தாலும் இன்னொருவர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தாலும் வரிசை மாறாது. சுபேதாரின் காது எட்டும் தூரத்தில் சிப்பாய் தன் கஷ்டத்தை வாய் திறந்து சொல்ல மாட்டார். உள்ளே வந்தாலும் ‘உறக்கமில்லை’ என்பார்கள், ‘கேஸ் டிரபிள்’ என்பார்கள். நெஞ்சைத் தொட்டுக் காட்டி வாயு என்று சொன்னவர்களின் பெண்டாட்டிமார்தான், வெளியே போகும்போது ஒரு நிமிடம் பின்தங்கி நின்று, ‘தூக்கத்துல அலறுதாவ’ என்று என் காதில் போட்டுவிட்டுப் போவார்கள்.

பிறகு அந்தத் தொலைபேசி வந்தது. நேரில் வரக் கூச்சப்படுகிறவர்கள் போனிலாவது பேசட்டும் என்று அறக்கட்டளையில் யாரோ சொன்னார்கள். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. ‘ராத்திரி?’ என்று கேட்டதற்கு, ‘ராத்திரி ஜவான் உறங்கட்டும்’ என்றார் கர்னல். சாக நினைக்கிறவன் ஆபீஸ் நேரம் பார்த்து நினைப்பான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதுபோலக் கூட்டம் முடிந்தது.

செயல்முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இந்தக் கதையின் கழுத்து அங்கேதான் சிக்கியிருக்கிறது. ஒரே இணைப்பில் இரண்டு போன்கள். ஒன்று என் மேசையில், இன்னொன்று கர்னலின் அறையில். அழைப்பை முதலில் எடுப்பது நான். பேச்சுக் கொடுத்து, ஆளின் நிலையைப் பார்த்து, சாதாரண வருத்தம் என்றால் நானே பேசி முடிக்கலாம். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் மணியை அழுத்திக் கர்னலிடம் கொடுத்துவிட வேண்டும். வண்டி அனுப்பவும், மருத்துவமனையில் கட்டில் ஏற்பாடு செய்யவும் அவர் சொன்னால்தான் நடக்கும். என் சொல்லுக்கு ஆட்டோகூட வராது. கர்னலுக்கு இதில் பெரிய நம்பிக்கை. மனம் தளர்ந்த சிப்பாய்க்குத் தன் அதிகாரியின் குரலைக் கேட்டால் தைரியம் வந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினார். டாக்டர்கள், நாங்கள் எல்லாம் வெளியாட்கள். படைவீரனுக்குப் படையதிகாரிதான் அப்பன்.

திங்கட்கிழமைகளில் அவரே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார். நான் பக்கத்தில் இருப்பேன். ‘கர்னல் பேசுகிறேன்’ என்றதும் மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். அந்த ஆள் எழுந்து நிற்கிறார் என்று அர்த்தம், வீட்டுக்குள், லுங்கியோடு, போனைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக. ‘க்யா தக்லீப் ஹை?’ என்று இந்தியில் கேட்பார், என்ன கஷ்டம் என்று. ‘சப் டீக் ஹை, சாப்’ என்று பதில் வரும். எல்லாம் சரியாக இருக்கிறது, ஐயா. ஒருவர் விடாமல் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். முந்தின வெள்ளிக்கிழமை என் மேசைக்கு முன்னால் தேம்பித் தேம்பி அழுதவரும் அதையேதான் சொன்னார். போனை வைத்துவிட்டுக் கர்னல் என்னைப் பார்த்துச் சிரிப்பார். பட்டாளத்தில் அதிகாரி வந்து கேட்டால் சொல்ல வேண்டிய பதில் அது ஒன்றுதான், இருபது வயதிலிருந்து நாக்கில் ஏற்றிவிட்டது, இப்போது மட்டும் எப்படி இறங்கும் என்று நான் ஒருமுறை கேட்டேன். ‘பகவதீ, நீ பட்டாளத்தில் இருந்திருக்கிறாயா?’ என்று அன்பாகவே கேட்டார். அதற்கு மேல் என்ன பேச?

இப்போது அந்த மனிதர். மணியன் என்று வைத்துக்கொள்கிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. ஹவில்தாராக ஓய்வு பெற்றுக் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் காவல்காரராக இருந்தார். முதல் அழைப்பில் மலையாளத்தில்தான் தொடங்கினார். அந்த மலையாளத்தின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டதுமே நம்ம பக்கத்து ஆள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விதியும் அதுதானே, தமிழ்க்காரருக்குத் தமிழ். “அண்ணாச்சி, தமிழ்லயே பேசுங்க. நானும் நாஞ்சில்நாடுதான்” என்றேன். போன் வைக்கப்பட்டது. மறு வாரம் மறுபடி வந்தது. மறுபடி தமிழில் பேசினேன், மறுபடி வைத்துவிட்டார். ஊர்க்காரிக்குத் தெரிந்தால் அவமானம் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கர்னலும் அப்படித்தான் நினைத்தார்.

அதற்குச் சில நாட்கள் கழித்து அவர் மனைவி மாடியேறி வந்தாள். லீலா என்று சொல்லிக்கொள்கிறேன். வள்ளியூர்ப் பக்கம். வீட்டில் தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைக்கிறவள். பட்டாளத்துக் கேன்டீனில் சாமான் வாங்கப் போனபோது எங்கள் அறிவிப்பைப் பார்த்திருக்கிறாள். குடும்பத்தாரின் புகாரை நாங்கள் வாங்கக் கூடாது, அது குடும்பப் பிரச்சினை என்று வேறு இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. கர்னல் அன்று வெளியே போயிருந்தார். உட்கார வைத்துக் கேட்டேன்.

“அவிய வீட்ல தமிழ் பேச மாட்டாவக்கா. மகட்ட மலையாளத்துல பேசுவாவ. எங்கிட்ட ஒண்ணுமே பேச மாட்டாவ, கையக் காட்டுவாவ. சோறுன்னா இப்பிடி, தண்ணின்னா இப்பிடி.” கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். “எனக்குக் கடைக்குப் போற மலையாளந்தான் தெரியும். நான் தமிழ்ல ரெண்டு வார்த்த சத்தமாப் பேசுனா எந்திரிச்சு வெளிய போயிருதாவ. டிவியில தமிழ்ப் படம் ஓடுனா நிறுத்திருதாவ. ஊருக்கே போவ விடமாட்டுக்காவ.”

“எப்பயிருந்து இப்படி?”

“சிலோனுக்குப் போயிட்டு வந்ததுலருந்து.”

எண்பதுகளின் கடைசியில் இங்கிருந்து இலங்கைக்குப் படை போனபோது இவரும் போயிருக்கிறார். தமிழைக் கேட்டதும் போனை வைத்தவர் இவள் புருஷன்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழ் ஆளுக்குத் தமிழ்ப் பெண் என்று ஏற்பாடு செய்த எங்கள் மையத்தின் அறிவை என்னவென்று சொல்ல? அவர் தப்பித்து ஓடிவந்ததே அந்த மொழியிடமிருந்துதான். நாங்கள் அதையே போனில் அவர் காதுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

அடுத்த முறை அவர் கூப்பிட்டபோது ஒரு சொல் தமிழ் இல்லாமல் பேசினேன். “பறஞ்ஞோளு, ஞான் கேக்குந்நுண்டு” என்றேன். சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த முறை அவர் போனை வைக்கவில்லை. பேசினார். அதற்குப் பின் வாரத்துக்கு இரண்டு தடவை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் நடமாட்டம் குறையும் நேரத்தில், காவல் அறையிலிருந்து கூப்பிடுவார். அவருடைய மலையாளம் ஓட்டை ஒடிசல். அந்த ஓட்டை வழியாகத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

இலங்கையில் அவருக்குத் துப்பாக்கி வேலையைவிடப் பேச்சு வேலைதான் அதிகம். அதிகாரிகள் வடக்கத்திக்காரர்கள், தமிழ் தெரியாது. சாலையில் மறித்து விசாரிக்கும்போது ஜனங்கள் சொல்வதை இந்தியில் மாற்றிச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க அழுகையும் கெஞ்சலும் அவர் காது வழியாகப் போய் வாய் வழியாக வந்தன. கூட இருந்தவர்களில் ஒருவன், ‘நீ நம்ம ஆளா, அவங்க ஆளா’ என்று விளையாட்டாகக் கேட்க ஆரம்பித்தான். அப்புறம் பலர் கேட்டார்கள், விளையாட்டு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் ஓர் அம்மாவையும் அவள் மகனையும் நிறுத்தினார்கள். மகனை விசாரணைக்கு லாரியில் ஏற்றச் சொன்னார் அதிகாரி. சின்ன வயது அதிகாரி, முரடர் அல்ல. அந்த அம்மா அதிகாரியிடம் போகவில்லை. நேராக மணியனிடம் வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். ‘என்ன சொல்கிறாள்?’ என்று அதிகாரி கேட்டார். காலையிலிருந்து பேசிப் பேசிச் சலித்திருந்த மணியன், ‘குச் நஹீ, சாப்’ என்றார். ஒன்றுமில்லை, ஐயா.

லாரி போய்விட்டது. அந்தப் பையன் திரும்பி வந்தானா என்று அவருக்குத் தெரியாது. வந்திருக்கலாம், அப்படி ஏற்றிப்போன பல பேர் மறுநாளே வந்தார்கள் என்று அவரே சொன்னார். சில நாட்களில் அவர் பிரிவு வேறு இடத்துக்கு மாறிவிட்டது. தெரியாமலேயே போய்விட்டது. தமிழ்ச் சத்தம் எங்கே கேட்டாலும், அடுத்தபடியாக அந்த அம்மாதான் பேசப்போகிறாள், தன் கையைப் பிடிக்கப்போகிறாள் என்று தோன்றுமாம். அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்டேன். மலையாளத்தில்தான் சொன்னார், ஒரே வரியாக, மூச்சுவிடாமல். தமிழில் அதை அவர் வாயால் நான் கேட்கவே இல்லை.

டாக்டரிடம் வரச் சொன்னேன். வரமாட்டேன் என்று சொல்லவில்லை, கம்பெனியில் லீவு கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், பைத்தியம் என்று தெரிந்தால் வாசலில் காவலுக்கு நிறுத்தமாட்டார்கள் என்று தயங்கினார். தயக்கம்தான், மறுப்பு அல்ல. இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருந்தால் அழைத்து வந்திருப்பேன். இதை நான் உறுதியாகவே சொல்வேன், இந்த வேலையில் இருந்தவளுக்கு ஆள் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று குரலிலேயே தெரியும்.

பிறகு ஒரு மதியம் கூப்பிட்டார். குரலில் கனமே இல்லை. அதுதான் எனக்குப் பயம், முடிவெடுத்துவிட்டவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். “எனிக்கு மதி, மேடம்” என்றார். எனக்குப் போதும். டாக்டர் சொல்லித் தந்தபடி நேராகவே கேட்டேன், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று. “தோந்நுந்நுண்டு” என்றார். தோன்றுகிறது. எப்போது என்றேன். இன்று என்றார். என்னிடம் உண்மையைத்தான் சொன்னார். கேட்டதும் சொன்னார்.

பேச்சை விடாமல், காலால் மேசையைத் தட்டிப் பியூனைக் கூப்பிட்டுக் கர்னலிடம் ஓடச் சொன்னேன். வண்டி வேண்டும், கட்டில் வேண்டும், ஆனால் தயவுசெய்து அவர் போனை எடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். கர்னல் என் அறைக்கே வந்தார். போனின் வாயைப் பொத்திக்கொண்டு, “சார், நானே பேசிட்டிருக்கேன். நீங்க வண்டி மட்டும் அனுப்புங்க. மலையாளத்துல பேசுதாரு, சொல்லிட்டிருக்காரு. நடுவுல ஆபீசர் குரல் வரவேண்டாம்” என்றேன். அவர் என் தோளைத் தட்டினார். “டோண்ட் வொரி. இது என்டெ ஜோலியாணு” என்று சொல்லிவிட்டு, தன் அறைக்குப் போய்ப் போனை எடுத்தார். இது என் வேலை என்கிறார். விதிப்படி அவர் எடுத்ததும் நான் வைத்துவிட வேண்டும். நான் வைக்கவில்லை.

“ஹவில்தார் மணியன்! கர்னல் பேசுகிறேன்” என்றார் இந்தியில். கம்பீரமான, பாசமான குரல்.

மறுமுனையில் நாற்காலி இழுபட்டது.

“ஜீ சாப்!”

“க்யா தக்லீப் ஹை, பேட்டா?”

பேட்டா, மகனே, என்றார். நான் போனை இறுகப் பிடித்துக்கொண்டு, சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசுக்குள் கத்தினேன்.

“குச் நஹீ, சாப்.”

“பக்கா?”

“சப் டீக் ஹை, சாப்.”

“ஷாபாஷ்!”

போன் வைக்கப்பட்டது. என்னிடம் பேசியவரும் கர்னலிடம் பேசியவரும் ஒரே ஆள் என்று யாராவது சொன்னால் நம்ப முடியாது. கர்னலிடம் பேசிய குரல் இருபத்தைந்து வயதுக்காரனின் குரல். கர்னல் என் அறைக்குத் திரும்பி வந்தார், முகம் மலர்ந்திருந்தது. “பார்த்தாயா? கொஞ்சம் தளர்ந்திருந்தான். அவ்வளவுதான்.”

“அவரு பொய் சொல்லுதாரு, சார். எங்கிட்ட இன்னைக்குச் சாகணும்னு சொன்னாரு.”

“பகவதீ, ஜவான் ஆபீசரோடு கள்ளம் பறயில்லா.”

சிப்பாய் அதிகாரியிடம் பொய் சொல்ல மாட்டான். அதிகாரியிடம் மட்டும்தான் பொய் சொல்லுவான் என்று நான் கத்தினேன். வேலையில் சேர்ந்து அவரிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். அவர் கோபப்படவில்லை. தனக்கு ஒன்றுமில்லை என்று தெளிவாகச் சொன்ன ஒருவனைக் கூட்டிப்போகக் கம்பெனி வாசலுக்கு ஆம்புலன்ஸ் அனுப்பினால் அவன் மானம் என்ன ஆகும், வேலை என்ன ஆகும் என்று நிதானமாகக் கேட்டார். நாளைக்கு மையத்துக்கு வரச் சொல்லு, சேர்ந்து தேநீர் குடிக்கலாம் என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த நியாயத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை.

காவல் அறைக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தேன், எடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பி ஆட்டோ பிடித்தேன். நெடுஞ்சாலையில் லாரிகளும் கம்பெனி பஸ்களும் முட்டிக்கொண்டு நின்றன. போய்ச் சேர்ந்தபோது வாசலில் வேறொரு காவல்காரர் இருந்தார். “ஹவில்தாரா? தலவேதனயென்னு பறஞ்ஞு நேரத்தே போயல்லோ” என்றார். தலைவலி என்று சொல்லி முன்னாலேயே கிளம்பிவிட்டாராம். அங்கிருந்து அவர் வீட்டுக்குப் போனேன். லீலா தையல் மெஷினில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுடைய கால் மிதிப்பதை நிறுத்தியது. அவர் வீட்டுக்கு வரவில்லை. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டோம், காவல் நிலையத்தில் சொன்னோம், அவருடன் வேலை பார்த்தவர்கள் தேடினார்கள். மறுநாள் காலையில் செய்தி வந்தது. எங்கே, எப்படி என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

அடக்கத்துக்குக் கர்னல் வந்தார். கோட்டில் பதக்கங்கள் குத்தி, மலர் வளையத்தோடு. விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். கண் கலங்கியிருந்தது, நடிப்பல்ல. “அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று என்னிடம் சொன்னார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. எனக்கு அந்த இடத்தில் வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் அடக்க முடியவில்லை. ஒரு மனிதர் தன்னால் முடிந்த வரைக்கும் வாய் திறந்து சொல்லியிருக்கிறார், வேண்டிய ஆளிடம், வேண்டிய நேரத்தில். எங்கள் ஏற்பாடுதான் அந்த வாயை மறுபடி மூடியது.

இதற்குப் பிறகு அறக்கட்டளையில் கூட்டம் போட்டார்கள். ஆபத்தான அழைப்பை அதிகாரியிடம் கொடுக்கும் விதியை எடுத்துவிடுங்கள், வண்டிக்கும் கட்டிலுக்கும் டாக்டர் சொன்னால் போதும் என்று வையுங்கள், பெண்டாட்டிமாரின் அழைப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். பிறகு, கர்னலின் குரலுக்கே ஒருவன் மனம் திறக்கவில்லை என்றால் இன்னும் மூத்த ஒருவர் தேவை என்று முடிவாயிற்று. அடுத்த மாதத்திலிருந்து ஒரு பிரிகேடியர் வந்து உட்கார்ந்தார். நான் எழுதுவது கற்பனை என்று தோன்றும். பட்டாளத்தோடு பழகியவர்களுக்குத் தோன்றாது. பெண்டாட்டிமாரை ஏற்றுக்கொள்ளும் விதி பல வருடம் கழித்து, நான் ஓய்வு பெறும் சமயத்தில் வந்தது. அதற்குள் எத்தனை பெண்கள் மாடியேறி வந்து வேறு ஆபீசுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று எனக்குத்தான் தெரியும்.

வேலையை விட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. விட்டிருந்தால் அந்தப் போனை முதலில் எடுக்கும் இடத்திலும் ஒரு அதிகாரியை உட்கார வைத்திருப்பார்கள். அதனால் இருந்தேன். அன்றிலிருந்து ஆபத்தான அழைப்பு வந்தால் மணியை அழுத்துவதற்கு முன்னால், எனக்குத் தெரிந்த டாக்டரின் வீட்டுக்குத் தனியாக ஆள் அனுப்பிவிடுவேன். பிரிகேடியரிடம் எல்லோரும் சுகம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் அழைத்தவரின் வீட்டு வாசலில் போய் நிற்பார். சில பேர் பிழைத்தார்கள். அவர்களைக் காப்பாற்றிய பெருமையும் பிரிகேடியருக்கே போனது, போகட்டும்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் போல ஆன பிறகு லீலா மையத்துக்கு வந்தாள். எதையும் கேட்டு வாங்க வரவில்லை. என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் பேசியது எதையும் யாருக்கும் சொல்லக் கூடாது, செத்தவர் விஷயமானாலும் கூடாது என்று கர்னல் எனக்குத் தனியாக நினைவூட்டியிருந்தார். அது நல்ல விதிதான். நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற விதி.

“ஒங்ககிட்ட நெறைய நாள் பேசுனாவன்னு கம்பெனியில சொன்னாவ” என்றாள். “எங்கிட்ட ஒரு வார்த்த பேசாதவிய. ஒங்ககிட்ட என்னக்கா பேசுனாவ?”

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே அப்போது உடம்பெல்லாம் எரிந்தது. சொன்னேன். மலையாளத்தில் கேட்டதை எல்லாம் தமிழில், அவளுக்குப் புரிகிற தமிழில் சொன்னேன். சாலையில் மறித்தது, லாரி, அதிகாரி கேட்ட கேள்வி, இவர் சொன்ன பதில். கடைசியாக அந்த அம்மா சொன்னது. அவள் தன் ஊர்த் தமிழில் எப்படிச் சொன்னாளோ, அது எனக்குத் தெரியாது. என் வீட்டுத் தமிழில்தான் சொல்ல முடிந்தது. “எய்யா, நீயும் தமிழ்தானே. நம்ம பிள்ளன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுய்யா.”

லீலா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கீழே தம்பானூரில் பஸ்காரர்கள் ஊர் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“அதுக்குத்தான் தமிழ் பேசலியா?” என்றாள்.

“அதுக்குத்தான்.”

“அப்ப, என்னப் புடிக்காம இல்லியாக்கா அவியளுக்கு?”